மறுமொழி: கலைச்சொல் – குரல் தட்டச்சில் ‘திருத்தம்’ ஒன்றா, இரண்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் வாயால் சொல்வதைச் செயலியே எழுதும் குரல் தட்டச்சுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது, அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் தட்டச்சுச் செயலியில் ‘கரெக்‌ஷன்’, ‘எடிட்’ இரண்டுக்கும் ‘திருத்தம்’ என்றே போட்டால் பயன்படுத்துகிறவர் குழம்புவார். முதலாவதற்குப் ‘பிழைதிருத்தல்’, இரண்டாவதற்கு ‘மாற்றுதல்’ என்று வைக்கலாம்.

> திருத்தம் என்றால் எல்லாருக்கும் புரிகிறது. எதற்கு இரண்டு சொல்?

கோவை நண்பரின் கேள்வி நியாயம்தான். தாளில் எழுதுகிறவரைக்கும் ஒரு சொல்லே போதும். வாயால் சொல்லி எழுதும்போது போதாது. நான் செவ்வாய் என்று சொல்லிவிட்டு, அப்புறம் மனம் மாறிப் புதன் என்று போட நினைத்தால் அதில் செயலியின் குற்றம் ஒன்றுமில்லை. நான் புதன் என்று சொல்லி அது ‘புது’ என்று எழுதினால் குற்றம் அதனுடையது. 1997இல் வந்த டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங் என்ற குரல் தட்டச்சு மென்பொருள் இந்த வேறுபாட்டைக் கட்டளையிலேயே வைத்திருந்தது. ‘கரெக்ட் தட்’ என்றால் அது செய்த ஊகங்களின் பட்டியல் விரியும். சரியானதைத் தேர்ந்தெடுத்தால், இந்தக் குரலில் இந்த ஒலிக்கு இந்தச் சொல் என்று குறித்துக்கொள்ளும். ‘ஸ்கிராட்ச் தட்’ என்றால் கடைசியாகச் சொன்னது அழியும், அவ்வளவுதான். மனம் மாறியதையெல்லாம் பிழைதிருத்தல் வழியாகச் செய்தால், செவ்வாய் என்ற ஒலிக்குப் புதன் என்று அது பாடம் படித்துவிடும்.

இப்போதைய மாதிரிகள் (பேச்சை எழுத்தாக்கப் பயிற்றுவித்த நிரல்கள்) அப்படிக் கற்பதில்லையே என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். 2022இல் வெளியான விஸ்பர், 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பயின்று முடித்த மாதிரி. நம் கணினியில் இறக்கிய பிறகு நாம் என்ன திருத்தினாலும் அதற்குத் தெரியாது. ஆனால் அதன் மேல் கட்டும் செயலி, நாம் திருத்திய ஊர்ப்பெயர்களைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு அடுத்த முறை மாதிரிக்கு முன்குறிப்பாகக் கொடுக்க முடியும். அந்தப் பட்டியலில் எது சேர வேண்டும், எது சேரக் கூடாது என்பதற்கும் இதே பிரிவினைதான் வேண்டியிருக்கிறது.

இனி சொல்லுக்கு வருகிறேன். நான் வேலூரில் சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருப்பவன். பத்திர எழுத்தர்கள் சொல்லச் சொல்ல அடிப்பதுதான் பிழைப்பு. பதிவுத்துறையில் இந்த வேறுபாடு ரொம்ப நாளாக இருக்கிறது. பதிவான பத்திரத்தில் சர்வே எண்ணோ தந்தை பெயரோ தவறி விழுந்தால் எழுதுவது பிழைத்திருத்தல் பத்திரம். அதில் பேரத்தை மாற்ற முடியாது, தவறி விழுந்ததை மட்டும்தான் சரி செய்யலாம். பேரமே வேண்டாம் என்றால் ரத்துப் பத்திரம், அது வேறு கதை. படிக்காத விவசாயிகூட இந்த இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்வார். கடைத்தெருவில் புழங்கும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஒரே ஒரு மாற்றம். பத்திரத்தில் ‘பிழைத்திருத்தல்’ என்று ‘த்’ போட்டே எழுதுகிறார்கள். அதைப் பிழைத்து + இருத்தல், அதாவது உயிரோடு இருத்தல் என்றும் படிக்கலாம்! பத்திரத்தில் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். ஆனால் பொத்தானில் தனியாக நிற்கும்போது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஆகவே ஒற்று இல்லாமல் ‘பிழைதிருத்து’.

> இயந்திரம் தவறாகக் கேட்பதற்கு: கேட்புப் பிழை / உணர்பிழை

இரண்டிலும் எனக்குத் தயக்கம். ‘கேட்பு’ வருவாய்த் துறையிலும் நகராட்சியிலும் குடியேறி வெகுகாலம் ஆகிறது. கேட்பு, வசூல், நிலுவை என்பது அவர்கள் தினமும் போடும் கணக்கு. ‘கேட்புப் பிழை’ என்றால் வீட்டுவரி கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். ‘உணர்பிழை’ பேச்சுணர்தல் என்பதிலிருந்து வந்தது என்று ஆசிரியர் ஐயா விளக்கியிருக்கிறார். விளக்கம் தெரிந்தால் சரி, தெரியாதவருக்கு அது மனசு சம்பந்தப்பட்டதாகப் படும். ‘செவிப்பிழை’ என்று வைத்தால் என்ன? காதுக் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்களோ என்று ஐயா கேட்கக்கூடும். அதற்குச் செவித்திறன் குறைபாடு என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் அந்தப் பயம் வேண்டாம்.

செவிப்பிழை எங்கே விழுகிறது என்பதைப் பார்த்தால் சொல்லின் எல்லையும் தெரியும். எங்கள் பக்கத்தில் பலர் வாயில் ழ, ள ஆகிவிடும். சிலருக்கு அது ய. ‘கிளக்கு’ என்று சொன்னாலும் செயலி ‘கிழக்கு’ என்றே எழுதும், ஏனென்றால் அதன் மொழி மாதிரிக்குக் ‘கிளக்கு’ என்றொரு சொல்லே தெரியாது. அதனால் வழக்கமான சொற்கள் தப்பித்துவிடும், மாட்டிக்கொள்வது பெயர்களும் பத்திரச் சொற்களும். நாலு எல்லையைச் சொல்லும் ‘செக்குபந்தி’, ‘செக்கு பந்தி’ என்று இரண்டாக உடைந்து எண்ணெய்ச் செக்கும் சாப்பாட்டுப் பந்தியுமாக நிற்கும். ஊசூர் கிராமம் ‘உசுரு கிராமம்’ ஆனது. இவை பார்த்ததும் தெரிந்துவிடும். ‘நூத்தி நாப்பத்திரெண்டு பை மூணு ஏ’ என்று சொன்னது ‘142 பை மூன்றே’ என்று வந்ததுதான் வம்பு. 142/3ஏ என்ற உட்பிரிவு 142/3 என்று படிக்கும்படி ஆகிவிட்டது, படிக்கிறவர் கண்ணும் சட்டென்று தாண்டிப் போய்விடும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ‘பிழைதிருத்து’ என்பதில் ழ இருக்கிறது. பொத்தானில் எழுதிவைக்கத் தடையில்லை. அதையே குரல் கட்டளையாக வைத்தால், திருத்தச் சொல்லும் சொல்லையே செயலி தவறாகக் கேட்டு ‘பிள்ளை திருத்து’ என்று பத்திரத்துக்குள் எழுதிவிடும். குரல் கட்டளைக்குத் தனிச்சொல் வேண்டும். மயங்கொலி எழுத்து எதுவும் அதில் இருக்கக் கூடாது, எழுதுகிற செய்தியில் அந்தத் தொடர் தற்செயலாக வரவும் கூடாது. ‘அது தப்பு’ என்பதுதான் மக்கள் வாயில் தானாக வருகிறது, ஆனால் கடிதத்திலும் அது வரும். ‘அடித்தல் திருத்தல்’ என்று நாம் சொல்லும் தொடரிலிருந்து நான் எடுத்தது: அழிப்பதற்குச் ‘சொன்னதை அடி’, ஊகப் பட்டியலைத் திறக்கச் ‘சொன்னதைக் காட்டு’. ‘சொன்ன’ என்பதில் வரும் ன-வும் மயங்கொலிதான், ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அதை மாற்றி உச்சரித்து நான் கேட்டதில்லை. ‘அடி’ அநாகரிகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 20ஆம் பிரிவைப் பார்க்கச் சொல்வேன். வரிக்கு இடையில் செருகினாலோ, வெற்றிடம் விட்டாலோ, அழித்தாலோ, மாற்றினாலோ எழுதிக் கொடுப்பவர் அந்த இடத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட வேண்டும், இல்லாவிட்டால் பதிவு அலுவலர் பத்திரத்தை வாங்க மறுக்கலாம். அதனால் எங்கள் தொழிலில் அடிப்பது கௌரவமான வேலை.

கடைசியாக, செயலி எவ்வளவு தவறு செய்கிறது என்று அளவு சொல்லும் சொற்கள். மாறியது, விடுபட்டது, கூடுதலாக நுழைந்தது மூன்றையும் கூட்டி, சொன்ன சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பதற்குச் ‘சொற்பிழை வீதம்’ என்று முன்பே பேசியிருக்கிறோம். அது இருக்கட்டும். ஆனால் ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்பதை ‘வந்து கொண்டு இருக்கிறார்’ என்று செயலி பிரித்து எழுதினால், ஒரு சொல் மாறியது, இரண்டு சொல் நுழைந்தது என்று கணக்கு வரும். ஒரே சொல்லுக்கு 300 சதவீதப் பிழை! படிக்கிறவர் யாரும் அதைப் பிழை என்றே சொல்ல மாட்டார். ஆகவே இடைவெளித் தகராறைச் செவிப்பிழையில் சேர்க்காமல் ‘பிரிப்புப் பிழை’ என்று தனியாக வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இதற்குப் பரிகாரமாக எழுத்தெழுத்தாக எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. அதை ‘எழுத்துப்பிழை வீதம்’ என்று எழுத முடியாது, எழுத்துப்பிழை என்றால் நமக்கு வேறு பொருள். ‘எழுத்தளவுப் பிழை வீதம்’ வரை வந்து நிற்கிறேன், நீளமாக இருக்கிறது. அதோடு ‘கி’ என்பதை ஒன்றாக எண்ணுவதா, க-வும் கொக்கியுமாக இரண்டாக எண்ணுவதா என்பதையும் முடிவு செய்தால்தான் பெயர் வைக்க முடியும். ஒருங்குறி (யூனிகோட்) விவரம் தெரிந்த நண்பர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து