நிழல் எண்ணா, கறுப்பு எண்ணா? வெல்டிங் கண்ணாடிக்கு ஒரு சொல்

> வெல்டிங் கையேட்டில், கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடியின் எண்ணுக்கு ‘நிழல் எண்’ என்று போட்டிருக்கிறேன். அகராதியும் அதைத்தான் தருகிறது. மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

ஐயா, மறுப்பு இருக்கிறது. வெளிச்சத்தை ஒரு பொருள் மறிப்பதால் தரையில் விழுவது நிழல். வெயிலுக்கு நாம் ஒதுங்கும் இடமும் அதுவே. கண்ணாடிக்குள் இருப்பது அது இல்லை. ‘ஷேடு’ (shade) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிழல், நிறத்தின் அடர்த்தி என்று இரண்டு பொருள் இருக்க, அகராதி தவறானதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. ‘11-ஆம் நிழல்’ என்று படிக்கும் மாணவர் மரத்தடியைத்தான் தேடுவார்.

சொல் தேடுவதற்கு முன், அந்த எண் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எண் ஒன்று கூடினால், உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ 2.7 மடங்கு குறைகிறது. 3-ஆம் எண்ணில் நூற்றுக்குப் 14 பங்கு ஒளி வரும். ஏழு படி ஏறி 10-க்குப் போனால் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 10-க்கும் 11-க்கும் நூலிழை வேறுபாடுதான் என்று பட்டறையில் பலர் நினைப்பது இதனால்தான் தவறு.

நானும் அப்படி நினைத்தவன்தான். இளவயதில் ஒரு கிரில் பட்டறையில் உதவியாளாக இருந்தேன். எல்லா வேலைக்கும் ஒரே 11-ஆம் நம்பர் கண்ணாடி. உருகி இணைக்கும் வெல்டிங் குச்சி 2.5 மில்லிமீட்டர் ராடு, குறைந்த கரண்ட். அந்த வேலைக்கு அவ்வளவு கறுப்பு தேவையே இல்லை. கண்ணாடி பொருத்திய கைமறைப்பான ஷீல்டை முகத்துக்குக் கொண்டுவந்ததும் உலகம் அணைந்துவிடும். ராடின் முனை எங்கே இருக்கிறது என்று தெரியாது. தட்டிப் பொறி வந்த பிறகுதான் இணைப்பு எங்கே, நான் எங்கே என்று புரியும். அரை அங்குலம் தள்ளித் தொடங்கிய தழும்புகளோடு எத்தனையோ வீட்டுக் கேட்டுகள் இன்னும் நிற்கின்றன. இந்தத் தொல்லைக்குப் பயந்தே, டேக் (துண்டுகளை இடத்தில் நிறுத்தும் சிறு பற்றவைப்பு) வைக்கும்போது ஷீல்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வோம். பகலில் ஒன்றும் தெரியாது. நடு இரவில்தான் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் அறுக்கும்.

> ‘மங்கல் எண்’, ‘தணிப்பு எண்’ என்று இரண்டு யோசனைகளும் வந்திருக்கின்றன.

‘மங்கல் எண்’ கல்யாணப் பத்திரிகையை நினைவூட்டுகிறது. ‘தணிப்பு எண்’ பொருளளவில் மிகச் சரி. ஒளியைத் தணிப்பதுதானே நடக்கிறது. ஆனால் யாராவது புணர்ச்சி விதியில் ஆர்வம் கொண்டு சேர்த்து எழுதினால் ‘தணிப்பெண்’ ஆகிவிடும். பிறகு அந்தப் பெண் யார் என்று விளக்க வேண்டியிருக்கும்.

என் முன்மொழிவு ‘கறுப்பு எண்’. பட்டறையில் ஏற்கெனவே கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அந்தச் சொல்லையே வளர்த்தால் மற்றவையும் வரிசையாக வந்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் சுவீடனிலிருந்து சந்தைக்கு வந்த வகை ‘தானே கறுக்கும் கண்ணாடி’. ‘தானியங்கி இருள்மாற்று வடிப்பான்’ என்று கையேட்டில் இருப்பதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். அதில் இரண்டு எண்கள் உண்டு: ‘கறுக்குமுன் எண்’ பெரும்பாலும் 3 அல்லது 4, ‘கறுத்தபின் எண்’ 9 முதல் 13 வரை. முதல் எண்ணுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 4-ஆம் எண்ணில் நூற்றுக்கு 5 பங்கு ஒளிதான் வரும். ஒற்றைக் குழல்விளக்கு எரியும் பட்டறை அதன் வழியே அந்திநேரம் போலத் தெரியும். விலை கொடுத்து வாங்கியும் இணைப்புக் கோடு தெரியவில்லை என்று சொல்பவர்களின் கண்ணாடியில் குறையில்லை. இணைப்பின் மேல் பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு போட வேண்டும், அவ்வளவுதான்.

என் சொல்லையும் சேர்த்து எழுதினால் ‘கறுப்பெண்’ ஆகும்; அதனால் பிரித்தே எழுதுவோம். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ‘கறுப்பு எண்’ என்றால் கறுக்கக் கறுக்கப் பாதுகாப்பு என்று தோன்றும். புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுப்பது தனி ஏற்பாடு. தரமான கண்ணாடியில் அது கறுக்காதபோதும் வேலை செய்யும். ஆகவே வரையறையில் இந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ‘முதலில் ஒன்றும் தெரியாத அளவுக்குக் கூடுதல் எண்ணை வைத்து, உருகிய உலோகக் குட்டையின் விளிம்பு தெளியும்வரை இறக்கு; அந்தக் கரண்டுக்குச் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாதே.’

> வெல்டருக்குப் பின்னாலிருந்து ஹெல்மெட்டுக்குள் வரும் வெளிச்சத்துக்கு ‘பின்னொளி’ என்று போடுவது பற்றி?

அது ஒளிப்படக்காரர்களின் சொல். பார்க்கும் பொருளுக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம். இங்கே வெளிச்சம் இருப்பது பார்ப்பவரின் முதுகுப் பக்கம். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெயில் ஹெல்மெட்டுக்குள் நுழைந்து கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் திரும்பும். குட்டையைப் பார்க்க வேண்டிய இடத்தில் உங்கள் மூக்கு தெரியும். இதை ‘முதுகொளி’ என்று சொல்லலாமா? திரும்பி உட்கார்வது அல்லது ஹெல்மெட்டின் பின்னால் ஒரு துணியைத் தொங்கவிடுவதுதான் வழி.

மறுமொழி:

அண்ணன் எழுதியதில் எனக்கு உடன்பாடுதான். முதுகொளியை இத்தனை ஆண்டுகள் பெயர் தெரியாமலே திட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் பையன்கள் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்றால் கறுப்பை நான் தொடுவதே இல்லை. கறுப்பைக் காக்க அதற்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன். பொறி தெறித்துத் தெறித்து அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருக்கும். சில ரூபாயில் தீரும் வேலை. அந்தச் சொல்லுக்குக் கலைச்சொல் எதுவும் செய்துவிடாதீர்கள். ‘புறக்காப்பு ஒளிபுகு தகடு’ என்று போட்டால் கடைக்காரர் இல்லை என்று சொல்லிவிடுவார்.

மறுமொழி:

நன்றி. ‘கறுப்பு எண்’, ‘தானே கறுக்கும் கண்ணாடி’, ‘முதுகொளி’ மூன்றையும் ஏற்றிவிட்டேன். வெள்ளைக் கண்ணாடி வெள்ளைக் கண்ணாடியாகவே இருக்கிறது. வரையறை வரியையும் சேர்த்தாயிற்று. மெய்ப்புத் திருத்துபவர் இன்று காலை எல்லாக் ‘கறுப்பை’யும் ‘கருப்பு’ ஆக்கி அனுப்பியிருக்கிறார். சின்ன ‘ரு’ போட்டால் பஞ்சம் என்றும் பொருள் வரும் என்று அவரிடம் சொன்னேன். பத்திரிகைகளில் இரண்டும் வருகிறதே என்கிறார். பழைய விவாதம்தான், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.