லேபர் டே வீக்எண்டுக்கு வேகாஸ், கூடவே ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா: சரிப்படுமா?

இர்வைன்வாசி

வணக்கம் மக்களே. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை) லாங் வீக்எண்டுக்கு லாஸ் வேகாஸ் போவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது மனைவியும் எட்டு வயது மகளும், எனக்குத் தகவல் மட்டும்தான் வந்தது. சிக்கல் என்னவென்றால், ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், 71 வயது, என்னைவிட வேகமாக நடப்பார். அம்மாவுக்கு மூட்டு வலி, பத்து நிமிஷம் நடந்தால் எங்காவது உட்கார வேண்டும். "சூதாடுற ஊருக்கு எதுக்குடா திருப்பதிக்குப் போற மாதிரி குடும்பத்தோட கிளம்புறீங்க" என்று கேட்டுவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் யூடியூபில் ஸ்லாட் மெஷின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார், நான் வந்ததும் போனைத் திருப்பி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை காரில் கிளம்பி திங்கள் சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம், ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் கேன்யன் போய்வரலாமா என்றும் ஒரு யோசனை. பெரிய கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக இருக்கிற ஸ்ட்ரிப் தெருவில் தங்குவதா, கொஞ்சம் தள்ளித் தங்குவதா? குழந்தையை கேசினோ வழியாகக் கூட்டிப்போனால் பிரச்சினை வருமா? அப்புறம், ஒரு ராத்திரியாவது நானும் மனைவியும் தனியாக ஒரு ஷோ பார்க்க வேண்டும் என்று ஆசை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெண்டர்சன் அக்கா

தம்பி, நான் பக்கத்து ஊரிலேயே பதினோரு வருஷமாக இருக்கிறேன். வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் ஸ்ட்ரிப்புக்குக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் அலுத்துவிட்டது, அதனால் நேராகச் சொல்கிறேன்.

முதலில் கிராண்ட் கேன்யனை விடுங்கள். நீங்கள் படத்தில் பார்க்கிற தெற்கு விளிம்புக்குப் போக மட்டும் நாலரை மணி நேரம், திரும்பி வர இன்னொரு நாலரை. "வேகாஸ் பக்கத்திலேயே கிராண்ட் கேன்யன்" என்று விற்கிறார்களே, அது மேற்கு விளிம்பு, அதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். அது தேசியப் பூங்காவும் இல்லை, ஹுவாலப்பை பழங்குடியினரின் நிலம். உங்களிடம் தேசியப் பூங்கா பாஸ் இருந்தாலும் அங்கே செல்லாது, தனி டிக்கெட். மூட்டு வலிக்காரரை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் காரில் உட்கார வைப்பது பாவம். அப்பா மின்வாரியம் என்கிறீர்கள், ஹூவர் அணைக்குப் போங்கள்! ஸ்ட்ரிப்பிலிருந்து முக்கால் மணி நேரம்தான். 1931இல் ஆரம்பித்து 1935இல் முடித்த அணை, உயரம் 726 அடி. ஜெனரேட்டர்களைப் பார்க்க உள்ளே டூர் இருக்கிறது, அவர் வெளியே வரவே மாட்டார். ஆனால் காலை ஒன்பதுக்குள் போய்ச் சேருங்கள், பதினொன்றுக்கு மேல் அந்த கான்கிரீட் மேல் நிற்க முடியாது.

அடுத்து நடை. இதைத்தான் எல்லாரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டாத ஊர் இது. கட்டடங்கள் எல்லாம் ராட்சச அளவு என்பதால் பக்கத்தில் இருக்கிற மாதிரியே தெரியும். பெல்லாஜியோ ஹோட்டல் வாசலில் நின்று பார்த்தால் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல் அடுத்த வீடு மாதிரி இருக்கும், நடந்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் எஸ்கலேட்டர் ஏறி நடைமேம்பாலம் கடந்து இறங்க வேண்டும். அந்தப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், 2024 ஜனவரியில் பாலத்தின் மேல் நிற்பதற்கே தடை கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரிப் முழுக்க நாலு மைலுக்கு மேல். அம்மாவுக்கு ஹோட்டலிலேயே சக்கர நாற்காலியோ ஸ்கூட்டரோ வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். வேண்டாம் என்பார், நீங்கள் கேட்காதீர்கள். மோனோரெயில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது கிழக்குப் பக்கத்து ஹோட்டல்களின் முதுகுப் பக்கமாக ஓடுகிறது, ஸ்டேஷனுக்குப் போகவே கேசினோ முழுவதையும் கடக்க வேண்டும், விமான நிலையத்துக்கும் போகாது.

தங்குவது ஸ்ட்ரிப்பின் நடுவிலேயே. தள்ளித் தங்கினால் வாடகையில் மிச்சம் பிடிப்பதை டாக்சியில் கொட்டுவீர்கள், முக்கியமாக மத்தியானம் ரூமுக்கு வந்து தூங்க முடியாது. செப்டம்பர் ஆரம்பத்தில் சாதாரணமாக 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். இங்கே ஒரு நாளை இரண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும்: காலை பதினொன்று வரை ஒன்று, சாயங்காலம் ஆறுக்கு மேல் ஒன்று. நடுவில் தூக்கம். அப்படிச் செய்தால் அம்மாவும் தாங்குவார், குழந்தையும் ராத்திரி பத்து வரை விழித்திருக்கும், இந்த ஊர் ராத்திரியில்தானே ஊர்.

கேசினோ என்றாலே சிகரெட் புகைதான், உள்ளே பிடிக்க இங்கே அனுமதி உண்டு. ஸ்ட்ரிப்பில் முழுக்கப் புகையில்லாத கேசினோ ஹோட்டல் பார்க் எம்ஜிஎம். முதலில் அங்கே விலை பாருங்கள்.

காசு கொடுக்காமல் பார்க்க வேண்டியவை நிறைய. பெல்லாஜியோ நீரூற்று இரவில் கால் மணிக்கொரு முறை ஆடும், பகலில் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று சொல்லாதீர்கள். அதே ஹோட்டலுக்குள் ஒரு பூந்தோட்டம், பருவத்துக்குப் பருவம் அலங்காரத்தை முழுசாக மாற்றுவார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும், உட்காரவும் இடம் கிடைக்கும். ஃபிளமிங்கோ ஹோட்டலில் நிஜ ஃபிளமிங்கோ பறவைகள். மாண்டலே பே, லக்சர், எக்ஸ்காலிபர் மூன்றுக்கும் நடுவில் இலவச டிராம் ஓடுகிறது, குழந்தைக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஸ்ஃபியர் என்கிற உருண்டை அரங்கத்தை வெளியிலிருந்து பார்ப்பது இலவசம். 366 அடி உயரம், மேலெல்லாம் விளக்கு. ஹை ரோலர் ராட்டினத்துக்கு டிக்கெட் உண்டு, ஆனால் அதில் போனால் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துவிடலாம், ஒரு சுற்று அரை மணி நேரம், நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், வயதானவர்கள் ஏறச் சிரமப்பட்டால் சொல்லுங்கள், உதவுவார்கள். செயற்கை எரிமலை பார்க்கணும் என்று மகள் கேட்டால், அது 2024 ஜூலையில் மிராஜ் ஹோட்டலோடு போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பார்க்கப்போகிற இந்த ஸ்ட்ரிப்பில் பெரும்பகுதி சட்டப்படி லாஸ் வேகாஸ் நகரத்துக்குள்ளேயே வராது, பாரடைஸ் என்று தனிப் பகுதி. நகரத்துக்குள் இருப்பது பழைய ஃப்ரீமான்ட் தெரு. அங்கே ராத்திரி குழந்தையோடு போக வேண்டாம் என்பது என் கருத்து, மற்றவர்கள் சண்டைக்கு வரலாம்.

கணக்குப்புலி

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் அப்பாவின் கட்சி. பாவம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு ஆட்டம் கூட ஆடாமல் போவதா?

அவர் கையில் 40 டாலர் கொடுத்துவிடுங்கள், திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். "பென்னி ஸ்லாட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு சென்ட்தானே என்று உட்காருவார், ஆனால் ஒரு சுற்றுக்குக் குறைந்தபட்சம் 50 சென்ட், 88 சென்ட் என்று இருக்கும், நாலு செகண்டுக்கு ஒரு சுற்று. கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ரூலெட் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று பந்தயம்) ஆடினால் சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணச் சொல்லுங்கள். 36 எண்களோடு இரண்டு பூஜ்யம் சேர்ந்தால் 38 குழி, ஆனால் ஒற்றை எண் விழுந்தால் கொடுப்பது 35 மடங்குதான். நூறு டாலர் வைத்தால் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் கேசினோக்காரனுக்கு. ஒரே பூஜ்யம் என்றால் 2 டாலர் 70. இப்போது ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்யம் போட்ட சக்கரமும் நிறைய வந்துவிட்டது, அதில் 7 டாலர் 69 போகும், அந்த மேஜைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜையிலும் இதே மாதிரி ஒரு வேலை, முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று துணியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 3க்கு 2 என்றால் பத்து டாலருக்குப் பதினைந்து, 6க்கு 5 என்றால் பன்னிரண்டுதான். குறைந்த பந்தய மேஜைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும்.

ஆடிக்கொண்டிருக்கும்போது பானம் இலவசம், கொண்டுவருகிறவருக்கு ஒரு டாலராவது டிப்ஸ் கொடுக்க வேண்டும். அப்பா மோர் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டது போதும்

போன வருஷம் நாங்களும் இதே மாதிரி மாமனார் மாமியாரோடு போனோம். நான் மாட்டிய இடங்களைச் சொல்கிறேன்.

ரூமில் குட்டி ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்று மாமியார் அதிலிருந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் தயிரையும் பேரனின் பாலையும் வைத்தார். அதில் எடை சென்சார் இருந்திருக்கிறது. எடுத்த ஒவ்வொரு பாட்டிலும் வாங்கியதாகப் பில்லில் ஏறிவிட்டது, செக் அவுட்டில் அரை மணி நேரம் வாதாடித்தான் எடுக்க வைத்தேன். அந்த ஃபிரிட்ஜைத் தொடவே தொடாதீர்கள். ஒரு ஐஸ் பாக்ஸ் காரிலேயே கொண்டுபோங்கள். கரண்ட் குக்கர் பற்றி நான் பகிரங்கமாக எதுவும் சொல்லமாட்டேன்.

குழந்தை விஷயம்: 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேசினோ வழியாக நடந்து போகலாம், நிற்கக் கூடாது. மாமனார் மெஷினில் உட்கார்ந்ததும் என் பையன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, காவலர் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார், மாமனாருக்குத்தான் மானம் போய்விட்டது, அன்றைக்கு முழுக்க ரூமை விட்டு வரவில்லை.

வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது, ராத்திரிக்கு 40, 50 டாலருக்கு மேலும் போகும், ரூம் ஒவ்வொன்றுக்கும் தனி. 2025 மே மாதத்திலிருந்து மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது, அதனால் முன்பு மாதிரி அதிர்ச்சி இல்லை. பார்க்கிங் மட்டும் அதில் சேராது, தனியாகப் பாருங்கள்.

ஹோட்டல் லாபியில் சிரித்துக்கொண்டே "எங்கே இருந்து வருகிறீர்கள், ஷோ டிக்கெட் இலவசமாக வேண்டுமா" என்று கேட்டால் பதில் சொல்லாமல் நடங்கள். டைம்ஷேர் விற்பனை, அதாவது விடுமுறை வீட்டில் வருஷத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையைத் தலையில் கட்டுவது. நாங்கள் உட்கார்ந்து எழுந்தபோது ஒரு காலைப்பொழுது போயிருந்தது. தெருவில் இறகு வைத்த உடையில் நிற்பவர்கள் போட்டோவுக்குக் காசு கேட்பார்கள், ஓசியில் சிடி நீட்டுபவரிடமும் கை நீட்டாதீர்கள்.

கிரீன்கார்டு வரிசை

இது முதியவர்களுக்கு இல்லை, தம்பதிகள் தனியாகச் சுற்றப்போகிறோம் என்றீர்களே, அதற்கு. வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தில் 2017இலிருந்து கஞ்சா கடையில் விற்கிறார்கள், விளம்பரப் பலகையும் பெரிதாக இருக்கும். ஆனால் மத்திய சட்டப்படி இன்னும் தடைதான், குடியுரிமைத் துறை பார்ப்பது மத்திய சட்டத்தை. விசாவில் இருப்பவர்கள் சும்மா ஆசைக்குக்கூடத் தொட வேண்டாம். அறிவுரை சொல்லும் வயதில்லை எனக்கு, ஆனால் கிரீன்கார்டு வரிசையில் பதினான்கு வருஷம் நிற்கிறேன்.

இர்வைன்வாசி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, கிராண்ட் கேன்யனை வெட்டிவிட்டேன். மகளுக்கு ஈடாக ஹை ரோலர். திங்கள் திரும்பும் நேரம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஹெண்டர்சன் அக்கா

மறந்துவிட்டேன். லாங் வீக்எண்ட் கடைசி நாள் ஐ-15 நெடுஞ்சாலையில் கலிபோர்னியா எல்லை தாண்டும் இடத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நாலு மணி நேரப் பயணம் ஏழெட்டு மணி நேரமாகும். காலை ஆறுக்குக் கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் இரவு ஒன்பதுக்கு மேல். நடுவில் கிளம்பவே கிளம்பாதீர்கள். பெட்ரோலும் நெவாடாவிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இர்வைன்வாசி

போய்வந்துவிட்டோம், கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அம்மா சக்கர நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று முதல் நாள் அடம் பிடித்தார், இரண்டாம் நாள் அவரே "அந்த வண்டியைக் கொண்டு வா" என்றார். நீரூற்றை நான்கு முறை பார்த்தார், ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒண்ணு பார்த்துட்டுப் போலாம்". நாங்கள் இரண்டு பேரும் பெல்லாஜியோவில் அந்தத் தண்ணீர் சர்க்கஸ் ஷோ போனோம், குழந்தை பாட்டியோடு தூங்கிவிட்டது. டிக்கெட் விலையை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஹூவர் அணையில் அப்பாவைப் பிடித்து இழுத்துத்தான் வர வேண்டியிருந்தது. மேட்டூர் 1934, இது 1935, நீளத்தில் மேட்டூர் இதைவிட நாலு மடங்கு, உயரத்தில்தான் இவன் ஜெயித்துவிட்டான் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். ஏரியைச் சுற்றிப் பாறையில் வெள்ளையாக ஒரு கோடு, முன்பு தண்ணீர் நின்ற மட்டம். அதைப் பார்த்ததும்தான் சற்று அமைதியானார். அணை இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருப்பதால் நெவாடா பக்கம் ஒரு கடிகாரம், அரிசோனா பக்கம் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும் என்று மகளை உசுப்பேற்றிக் கூட்டிப்போனேன், அரிசோனாவில் கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை என்பதால் இரண்டும் ஒரே நேரம் காட்டின. இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

மெஷினில் அப்பாவுக்குக் கொடுத்தது 40 டாலர். இருபதுதான் போட்டார், காசு கொட்டும் சத்தம் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார், இப்போதெல்லாம் காசே கிடையாது, பொத்தானை அமுக்கினால் ஒரு காகிதச் சீட்டு வருகிறது. 3 டாலர் 12 சென்ட் மிச்சம் என்று அச்சடித்த சீட்டு. மெஷினில் மாற்றிவிட்டு வாருங்கள் என்றேன், கேட்கவில்லை, மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார். மிச்ச இருபதை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

திங்கள் காலை ஆறுக்குக் கிளம்பவில்லை அக்கா, பத்தரை ஆகிவிட்டது. ஏழே முக்கால் மணி நேரம்.