எந்த வேளைக்கு எந்தக் கைவேலை?

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

"ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொள்ளாமல் ஏன் இப்படி நாலைந்தில் கை வைக்கிறாய்?" என்று என்னைக் கேட்காத உறவினர் இல்லை. வயர் கூடை, சுடுமண் நகை, காகிதக் கூழ்ப் பாத்திரம், கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா, துணியில் கொக்கி ஊசியால் தைக்கும் ஆரி வேலை என்று எங்கள் வீட்டு அலமாரியில் அடைந்து கிடக்கும் பொருள்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழுவது இயல்புதான். ஆயினும், பல ஆண்டுப் பழக்கத்தில் நான் கண்டுகொண்டது, ஒவ்வொரு கைவேலைக்கும் அதற்கென்று ஒரு வேளையும் பருவமும் உண்டு என்பதே. சமையலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஆசைக்காகச் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் கற்று வைத்திருந்தால், ஆண்டில் பாதி நாள் கை சும்மாதான் இருக்கும்.

வயர் கூடை இருட்டிய பிறகும் செய்யத்தக்க வேலை. அடிப்பகுதி போடும்போதுதான் கண்ணும் கணக்கும் தேவை. வெட்டிய வயர்களை ஒவ்வொன்றாக மடித்து, வெட்டாத ரன்னிங் வயரோடு முடிச்சிட்டு, அகலத்துக்கு இத்தனை, நீளத்துக்கு இத்தனை என்று எண்ணி முடித்துவிட்டால், பக்கங்கள் எழும்பத் தொடங்கிய பிறகு விரல்களே வழி கண்டுகொள்ளும். எனக்கு இதைக் கற்றுத்தந்த எதிர் வீட்டுப் பெரியம்மா, வாசற்படியில் அமர்ந்து தெருவில் போகிறவர்களோடு பேசியபடியே சாதா முடிச்சை வரிசை வரிசையாகப் போடுவார். கையைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். முடிச்சு இறுக வேண்டும், ஆனால் வயர் நெரிந்து வெளிறக் கூடாது என்பதே அவர் எனக்குச் சொன்ன ஒரே விதி. "வெளுத்த எடத்துலதான்மா நாளைக்கு ஒடியும்" என்பார். நெல்லிக்காய் முடிச்சு அப்படிப் பேச்சுக்கு இடையே வருவதில்லை. அதற்கு வயரும் கூடுதலாகச் செலவாகும், கவனமும் கூடுதலாக வேண்டும் என்பதால், அதை ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

காகிதக் கூழுக்குச் சித்திரை வெயில் வேண்டும். பழைய நாளிதழ்களைக் கிழித்து ஊறவைத்து, வெந்தயத்தையும் ஊறவைத்துச் சேர்த்து அரைத்தால், வெந்தயத்தின் வழவழப்பே பசையாக நின்று கூழைப் பிடித்துக்கொள்ளும். கவிழ்த்த பாத்திரத்தின் மேல் நனைந்த துணியைப் போர்த்தி, அதன்மேல் கூழை ஒரே கனத்தில் அப்பி மொட்டைமாடியில் வைத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் மெல்லத் தட்டினால் கூடை தனியே கழன்று வரும். நம் பாட்டிமார் பருப்பும் வற்றலும் போட்டு வைத்த பாத்திரங்கள் இவை. மூட்டமான நாளில் இதைத் தொடங்கினால் இரண்டாம் நாளே பூஞ்சை பிடித்து வாடை வந்துவிடும்.

சுடுமண் நகையின் குணமே வேறு. அதை வெயிலில் வைக்கக் கூடாது. மேற்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்பதால் விரிசல் விழும். நிழலில், காற்றுப் படாத இடத்தில், பொறுமையாக உலர வேண்டும். ஒரு ஜிமிக்கியின் கவிகையை விரல் நுனியில் ஏந்தி, அதன் விளிம்பில் மண்ணுருண்டைகளைக் குண்டூசியால் ஒவ்வொன்றாக ஒட்டும்போது, மண் சற்றே ஈரமாகவும் இருக்க வேண்டும், விரல் ரேகை பதியாத அளவுக்கு இறுகியும் இருக்க வேண்டும். அந்தப் பதம் நீண்ட நேரம் நிற்காது. சுடுவதிலும் அவசரம் ஆகாது. மண்ணில் எஞ்சிய நீர் சட்டென்று ஆவியாகி வெடிக்காமலிருக்க, முதலில் இளஞ்சூட்டில் வைத்துப் பிறகே வெப்பத்தை ஏற்ற வேண்டும். சுமார் 600 டிகிரி செல்சியசைத் தாண்டினால்தான் அது மறுபடி நீரில் கரையாத சுடுமண்ணாகும். காற்றோட்டமாகச் சுட்டால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். உமியும் மரத்தூளும் போட்டு மூடிக் காற்றை அடைத்தால் கறுக்கும். 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில், உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் இருக்கும் பானைகளின் முன் நான் நெடுநேரம் நின்றதற்குக் காரணம் இதுதான்: மொட்டைமாடியில் ஒரு பழைய சட்டிக்குள் நான் செய்துபார்க்கும் அதே வேலையை, காற்றை எங்கே விட வேண்டும், எங்கே அடைக்க வேண்டும் என்று தெரிந்தே ஒருவர் செய்திருக்கிறார்.

குரோஷாவைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதட்டும். என் கை அதில் இன்னும் தொடக்கப் பின்னலான சங்கிலியைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

குரோஷாவுக்கு எந்த வேளையும் பொருந்தும் என்பேன். ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டும் கைப்பையில் இருந்தால் பேருந்து, மருத்துவமனை வரிசை, திருமண மண்டபம் என எங்கும் நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம் மட்டுமே ஊசியில் நிற்பதால், இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் அதைச் சற்று நீட்டி இழுத்துவிட்டு ஊசியை உருவிக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளில் நூல் பின்னல் விரிப்பு இல்லாத மேசையைக் காண்பது அரிது. இங்கே லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, இந்தப் பின்னலும் அவரோடு அங்கே போயிற்று. அது குரோஷா அன்று. தலையணை போன்ற திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்த வேலையை இளமையில் செய்த ஒரு முதியவரை என் தோழியின் வீட்டில் சந்தித்தேன். என் குரோஷா விரிப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். நூல் நுனிகள் எப்படி மறைக்கப்பட்டுள்ளன என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "முன்பக்கம் யாரும் நல்லாத்தான் செய்வாங்க மக்களே" என்றார். அன்றிலிருந்து நான் எதைக் கையில் எடுத்தாலும் பின்பக்கத்தையும் நினைத்தே தொடங்குகிறேன்.

மதுரை உறுப்பினர் ஆரியையும் குறிப்பிட்டிருந்தார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் கீழே இடக்கை நூலைக் கொடுக்க, மேலே வலக்கையிலுள்ள கொக்கி ஊசி அதைக் கண்ணியாக இழுத்து அடுத்த கண்ணிக்குள் நுழைக்கிறது. குரோஷாச் சங்கிலியும் கண்ணிக்குள் கண்ணியாகத்தான் போகிறது. இடையில் துணி இருப்பது ஒன்றே வேறுபாடு. ஆகவே குரோஷா பழகிய கைக்கு ஆரி விரைவில் வரும், ஆரி பழகிய கைக்குக் குரோஷாவும் வரும். பலவற்றில் கை வைப்பவரைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனிப்பதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஆரியைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரவிக்கைக்கு ஆரி போடத் தெரியும் என்பது உறவில் பரவிவிட்டால், ஆவணியிலும் தையிலும் முகூர்த்தத் தேதிகள் நம் தேதிகளாகிவிடும். காசு வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, அடுத்தவரின் கெடுவுக்காகப் போடும் தையலில் ஆசைக்குச் செய்வதன் சுகம் இருப்பதில்லை. அந்த மாதங்களில் நான் சட்டத்தையே பரணில் ஏற்றிவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மழைக்காலத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் ஆச்சிமார் திருமணச் சீருக்கென்று பின்னிய கொட்டான் என்னும் ஓலைக்கூடைக்குப் பனங்குருத்தோலைதான் மூலப்பொருள். காய்ந்த ஓலை ஒடியும். ஈரப்பதம் இருந்தால் வளைந்து கொடுக்கும். கோடையில் ஈரத்துணியில் சுற்றி வைத்துத்தான் பின்ன முடியும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேலை இலகுவாகப் போகும். சாயம் போட்ட ஓலையை மட்டும் நன்கு உலர்த்தி வைக்க வேண்டும், இல்லையேல் பூஞ்சைப் புள்ளி விழும்.

மதுரை உறுப்பினரின் மறுமொழி:

மழைக்காலத்தில் மண்ணும் உலராமல், கூழும் காயாமல் வயரோடு மட்டும் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். கொட்டான் அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகிறது. குருத்தோலையைக் கிழித்து வாருவதற்கு வீட்டுக் கத்தி போதுமா, தொடங்குகிறவர் எவ்வளவு அகலத்தில் வார வேண்டும் என்பதையும், சாயம் போடாத ஓலை காரைக்குடிப் பக்கம் எந்த மாதங்களில் கிடைக்கும் என்பதையும் எழுதினால், ஐப்பசிக்கு முன்பே வந்து வாங்கிக்கொள்வேன்.