புதுப்பிப்பு: லீ-என்ஃபீல்ட் பின்கட்டையின் நிறம் ஒருவழியாக ஒத்துவந்தது

டொராண்டோவை அடுத்த லாங் பிராஞ்சில் 1943இல் தயாரான என் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் வால்நட் மரப் பின்கட்டையில் (தோளில் பதியும் பகுதி) இருந்த பள்ளத்தையும், முன்பு யாரோ பூசியிருந்த பளபளப்பான வார்னிஷையும் எப்படிச் சரிசெய்வது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். உப்புத்தாளைத் தொடாதீர்கள் என்ற அறிவுரை சரியானது. தேய்த்திருந்தால் தொழிற்சாலை முத்திரை அழிந்திருக்கும். வார்னிஷைக் கரைத்தெடுத்தபின், ஈரத்துணியை மடித்துப் பள்ளத்தின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தியபோது, நசுங்கிக் கிடந்த மர இழைகள் நீராவியில் உப்பி எழுந்தன. அறுபட்ட இழை மட்டும் மயிரிழைக் கோடாகத் தெரிகிறது, அது இருக்கட்டும். வெளிறிய இடத்தில் சாயம் ஏதும் பூசாமல், ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கை சூடேறத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சையும் நாள்கணக்கில் உலரவிட்டதில், மூன்றாம் வாரம் முன்கட்டையின் (குழலைத் தாங்கும் மரப்பகுதி) செம்பழுப்பு வந்துவிட்டது. எண்ணெய்த் துணிகள் தாமே தீப்பற்றக்கூடியவை என்பதால், சுருட்டிப் போடாமல் வெளியே விரித்தே உலர்த்தினேன்.