சாந்தாரேம் ரப்பர் விதை: திருட்டு என்று சொல்வதை நிறுத்துங்கள்

பால்மரக்காடு:
நேற்று இன்னொரு இழையில் ஆற்றங்கரையான் எழுதியது: “பிரேசிலின் சாந்தாரேம் ரப்பரை நம்பி இருந்த ஊர். வெள்ளைக்காரன் விதையைத் திருடினான், ஊர் செத்தது.” படித்ததும் பொறுக்கவில்லை. தபஜோஸ் ஆறு அமேசானில் கலக்கும் இடத்தில் 1661இல் பெட்டன்டோர்ஃப் என்ற ஏசு சபைப் பாதிரியார் தொடங்கிய ஊர் அது. அவருக்கு முன்பே தபஜோ மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். ரப்பர் பணத்தில் கொழித்தவை அமேசானின் பெருநகரங்களான மனாவுஸும் பெலேமும். அப்புறம் அந்த விதை. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளைக் கொண்டுபோனார். அதைத் தடுக்கும் சட்டம் அன்று பிரேசிலில் இல்லை. இது எப்படித் திருட்டு?

ஆற்றங்கரையான்:
பெலேம் சுங்கத்தில் ‘மென்மையான தாவர மாதிரிகள்’ என்று சொல்லித்தானே கப்பலைக் கிளப்பினார்? ‘ரப்பர் விதை’ என்று ஏன் வாய் வரவில்லை? ஒளித்துக் கொண்டுபோனால் திருட்டுதான்.

பால்மரக்காடு:
லண்டன் கியூ தோட்டத்துக்குத்தான் போனது, தாவர மாதிரிதான். எது பொய்? எந்தச் சட்டம் என்று காட்டுங்கள்.

வரைபடப்பித்தன்:
விதை பொறுக்கியது சாந்தாரேம் நகரத்தில் இல்லை. தபஜோஸின் மேற்குக் கரையில், போயிம் பக்கம்.

ஆற்றங்கரையான்:
போயிம் சாந்தாரேம் நகராட்சிதானே ஐயா! பக்கத்துத் தெருவில் திருடினால் புண்ணியமா?

பால்மரக்காடு:
மறுபடியும் திருட்டு! சரி, ஊர் செத்த கதைக்கு வருவோம். 1928இல் கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு அதே தபஜோஸ் கரையில் ஃபோர்ட்லாண்டியா என்ற ரப்பர் தோட்டத்தை ஆரம்பித்தார். சரிவரவில்லை. 1934இல் பெல்டெர்ராவுக்கு மாறினார். அது அப்போது சாந்தாரேமோடு சேர்ந்த இடம், 1990களில்தான் தனி நகராட்சியானது. காட்டில் தள்ளித் தள்ளி நின்ற மரத்தை நெருக்கி நட்டதும் இலைக்கருகல் பூஞ்சை ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவியது. 1945இல் தோட்டங்களை பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டுப் போனார்கள். பிறந்த மண்ணிலேயே அந்த மரம் தோட்டமாக நிற்கவில்லை. விதை அங்கேயே இருந்திருந்தால் என்ன கிழித்திருக்கும்?

ஆற்றங்கரையான்:
நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நோய் அங்கேயே தங்கிவிட்டது, விதை மட்டும் ஆசியாவுக்குப் போனது. அதனால்தான் ஆசியத் தோட்டங்கள் ஜெயித்தன. 1910களில் அமேசான் ரப்பர் படுத்ததே அதனால்தானே? திருடியவனுக்கு 1920இல் சர் பட்டம் வேறு.

பால்மரக்காடு:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டம் எங்கே?

கம்பஹாக்காரன்:
கியூவிலிருந்து நாற்றுகள் முதலில் இலங்கைக்குத்தான் வந்தன, எங்கள் ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு. மலாயாக்காரர்கள் இதை எப்போதும் மறைத்துவிடுகிறார்கள். அப்புறம், அது ‘ரப்பர்’ இல்லை, ‘இறப்பர்’.

பால்மரக்காடு:
யார் மறைத்தது? என் தாத்தா இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போனவர். அவர் பால்மரம் என்றுதான் சொன்னார். உங்கள் இறப்பரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் தேயிலை இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

கம்பஹாக்காரன்:
அந்த இழையில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார்?

வரைபடப்பித்தன்:
இன்றைய சாந்தாரேமைப் பற்றி யாருமே பேசவில்லை. குயபாவிலிருந்து வரும் பிஆர்-163 சாலையில் சோயா லாரிகள், 2003இல் கார்கில் என்ற அமெரிக்கத் தானியக் கம்பெனி திறந்த தானியத் துறைமுகம், அல்ட்டெர் டூ ஷாவுன் ஆற்று மணலுக்கு வரும் பயணிகள். ஊர் உயிரோடுதான் இருக்கிறது.

ஆற்றங்கரையான்:
சோயாவுக்காகக் காட்டை அழித்ததை வளர்ச்சி என்கிறீர்களா?

வரைபடப்பித்தன்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பால்மரக்காடு:
சோயாவுக்குள் ஒளியாதீர்கள். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். 1876இல் விதையைக் கொண்டுபோகக் கூடாது என்று எந்தச் சட்டம் சொன்னது?

ஆற்றங்கரையான்:
சுங்கத்தில் ‘ரப்பர் விதை’ என்று ஏன் சொல்லவில்லை?