மறு: குளோஸ்டு ஷாப் – தமிழில் என்ன சொல்லலாம்?

> "மூடிய பட்டறை" அல்லது "அடைப்பு ஆலை" என்று வைத்துக்கொள்ளலாமே?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

குளோஸ்டு ஷாப் என்பது தொழிற்சங்க உறுப்பினர்களை மட்டுமே வேலைக்கு எடுக்கும் ஏற்பாடு. இதில் ஷாப் என்பதைக் கடை என்று எடுக்காமல் பட்டறை, ஆலை என்று எடுத்தது சரி. ஆனால் "மூடிய", "அடைப்பு" இரண்டும் வேண்டாம். தொழிற்சங்கச் செய்தி படிக்கிறவருக்கு அடைப்பு என்றாலே கதவடைப்புதான் நினைவுக்கு வரும். அது முதலாளி தொழிலாளியை வெளியே நிறுத்துவது. இங்கே ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சங்க உறுப்பினராக இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவுதான்.

இதை யூனியன் ஷாப், ஏஜென்சி ஷாப் இரண்டோடும் சேர்த்துப் பார்த்தால்தான் நல்ல சொல் கிடைக்கும். மூன்றையும் பிரிப்பது, சங்கத்தில் சேர வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது என்ற கேள்விதான். குளோஸ்டு ஷாப்பில் வேலை கேட்டு வரும்போதே உறுப்பினராக இருக்க வேண்டும். யூனியன் ஷாப்பில் யாரையும் எடுக்கலாம், வேலைக்கு வந்தபின் அவர் சேர்ந்தாக வேண்டும். அமெரிக்காவில் 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் முதலாவதைத் தடைசெய்தது. இரண்டாவதை 30 நாள் அவகாசத்தோடு விட்டுவைத்தாலும், வேண்டாம் என்று நினைக்கும் மாநிலங்கள் அதையும் தடுக்கலாம் என்றது. சட்டமே இப்படிப் பிரித்திருக்கும்போது நம் சொல்லிலும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

ஏஜென்சி ஷாப்பில் சேர வேண்டிய கட்டாயமே இல்லை, பணம் மட்டும் கட்டினால் போதும். இதற்கு நெருங்கிய ஏற்பாடு கனடாவில் உண்டு. விண்ட்சர் ஃபோர்டு ஆலையில் 1945இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1946இல் நீதிபதி ஐவன் ராண்ட் கொடுத்த தீர்ப்பு அது. சங்கம் பேசி வாங்கும் கூலி உயர்வு எல்லாருக்கும் கிடைக்கிறது, ஆகவே சந்தாவை எல்லாரும் கொடுக்கட்டும், உறுப்பினராவது அவரவர் விருப்பம் என்றார். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

என் பரிந்துரை: சங்க முன்சேர்க்கை முறை, சங்கப் பின்சேர்க்கை முறை, சந்தா மட்டும் முறை.

அன்புடன்.

---

> சங்க முன்சேர்க்கை முறை, சங்கப் பின்சேர்க்கை முறை

ஐயா, முன், பின் என்ற பிரிப்பை ஏற்கிறேன். பிரிட்டனிலும் குளோஸ்டு ஷாப்பையே நுழைவுக்கு முன், நுழைவுக்குப் பின் என்று இரண்டாகச் சொல்வார்கள். அச்சகங்களிலும் துறைமுகங்களிலும் இருந்தது முதல் வகை. 1990 வேலைவாய்ப்புச் சட்டம் வந்தபின் அதற்கு இடமில்லாமல் போனது.

ஒரு தயக்கம். "சேர்க்கை" என்றால் பலருக்குக் கல்லூரிச் சேர்க்கைதான் தோன்றும். "முன்னுறுப்பு" என்றால்?

---

முன்னுறுப்பு என்றால் உடலின் முன்பக்க உறுப்பு என்று படித்துவிடுவார்கள், அம்மா. "சங்க" என்ற அடை முன்னால் நிற்பதால் சேர்க்கையில் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அடையை யாரும் விட்டுவிடக் கூடாது, தலைப்பிலும் முழுப்பெயரே இருக்கட்டும். "சந்தா மட்டும் முறை" எனக்கே கொஞ்சம் நீளமாகத் தோன்றுகிறது. "சந்தா முறை" என்று சுருக்கினால் உறுப்பினர் கட்டும் சந்தாவோடு கலந்துவிடும். இதைவிடக் கச்சிதமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.