புது டர்போ பெட்ரோல் கார், 340 கிமீ ஓடியிருக்கு: ரன்னிங்-இன் (புது இன்ஜினைப் பழக்குறது) எப்படி? ஆயிலும் குறையுற மாதிரி தெரியுது

கோட்டையூர்_கார்க்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 150 பிஎஸ், 6 கியர் மேனுவல். டெலிவரி எடுத்து ஒன்பது நாள் ஆச்சு.

டெலிவரி கொடுத்தவர் "2,000 கிமீ வரைக்கும் 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டவே தாண்டாதீங்க" என்கிறார். நண்பர் ஒருத்தர் "முதல் நாளே ரெட்லைன் (ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோடு) வரைக்கும் மிதி, அப்பத்தான் பிஸ்டன் ரிங் உட்காரும்" என்கிறார். யார் சொல்றது சரி?

இன்னொரு சந்தேகம்: டெலிவரி அன்னைக்கு டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) ஆயில் மேல் கோட்டில் இருந்தது. இன்னைக்குக் காலையில் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்குது. ஓட்டிட்டு வந்து நிறுத்தினால் பானட்டிலிருந்து ஒரு கருகல் வாடை வேறு. புகை எதுவும் கண்ணுக்குத் தெரியலை.

வர்ற வெள்ளிக்கிழமை சென்னையில் கல்யாணம். நாலு பேர், டிக்கி நிறைய பலகார டின். இந்த நிலையில் வண்டியை எடுத்துட்டுப் போகலாமா?

போரிங்_பட்டறை

ரெண்டு பேர் சொல்றதும் தப்பு தம்பி. ஆனா ரெண்டு தப்பில் டெலிவரிக்காரர் சொன்னதுதான் உங்க வண்டிக்கு அதிகக் கெடுதல்.

சிலிண்டர் சுவரில் ஹோனிங் பண்ணும்போது, அதாவது கல்லால் தேய்ச்சு மெருகேத்தும்போது, கோலத்துக் கோடு மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழும். ஆயில் தங்குறதுக்குத்தான் அந்தக் கீறல். அதோட நுனிகள் புதுசில் கூராக இருக்கும். ரிங் மேலும் கீழும் ஓடி அதை மழுக்கிவிடணும். ரிங்கைச் சுவரோடு அழுத்துறது அதோட சொந்த ஸ்பிரிங் விசை மட்டும் இல்லை. எரியுற வாயுவோட அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் பள்ளத்துக்குள் புகுந்து வெளியே தள்ளும். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் 2,000 கிமீ ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. ரிங் ஆயில் மேலேயே வழுக்கிட்டு ஓடும், அந்த ஆயில் சூட்டில் காய்ஞ்சு சுவரில் வார்னிஷ் மாதிரி படியும். அதைத்தான் கிளேஸிங் என்கிறோம். படிஞ்சுபோனால் அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் ரிங் சரியா உட்காராது, ஆயில் குடிக்கிற வண்டியாகிடும். தீர்வு? இன்ஜினைப் பிரிச்சு மறுபடி ஹோனிங் போடுறதுதான்.

முதல் நாளே ரெட்லைன் ஏன் கூடாதுன்னா, உள்ளே இருக்கிறது ரிங் மட்டும் இல்லை. பேரிங், கேம், கியர் பல், டிஃபரன்ஷியல் எல்லாமே புதுசு. ரிங்குக்குத் தேவை சுமை. அந்தச் சுமை நடு ஆர்பிஎம்மிலேயே கிடைச்சுடும்.

இப்ப ஃபேக்டரியிலேயே ஹோனிங் நுனியை ஓரளவு மழுக்கி அனுப்புறாங்க. அதனால் பழைய அம்பாசடர் காலத்துப் பத்தியம் வேண்டாம். அதுக்காக ஒண்ணுமே தேவையில்லைன்னும் இல்லை. ஹூண்டாய் கையேட்டில் முதல் 1,000 கிமீக்கு 2,000 முதல் 4,000 ஆர்பிஎம்முக்குள், ஒரே வேகத்தில் ரொம்ப நேரம் போகாமல் ஓட்டச் சொல்லியிருக்கு. ஃபோக்ஸ்வேகன் கையேட்டில் முதல் 1,000 கிமீ முழு ஆக்சிலரேட்டர் கூடாது, உச்ச ஆர்பிஎம்மில் மூணில் ரெண்டு பங்கைத் தாண்டக் கூடாது, 1,500 வரை படிப்படியாக ஏத்தணும்னு இருக்கும். உங்க கையேட்டில் என்ன போட்டிருக்குன்னு முதலில் பாருங்க. அதுக்கு மேல் யார் சொன்னாலும், நான் சொன்னாலும், எடுத்துக்காதீங்க.

மஞ்சுவிரட்டு_டர்போ

அண்ணே, ரேஸ் இன்ஜினை டைனோவில் (இன்ஜினைச் சுமை கொடுத்து ஓட்டிச் சோதிக்கிற மேடை) ஏத்தி அரை மணி நேரத்தில் ரன்-இன் முடிக்கிறாங்களே, அப்ப அது எப்படி?

போரிங்_பட்டறை

அந்த இன்ஜினை ஒரு பந்தயத்துக்கோ ரெண்டுக்கோ அப்புறம் பிரிச்சுப் பார்ப்பாங்க தம்பி. இவர் பத்து வருஷம் ஓட்டப் போறார். கூடவே டைனோவில் ஆயில் சூட்டையும் அழுத்தத்தையும் ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பார், ரன்-இன் முடிஞ்சதும் ஆயிலை வடிச்சுடுவாங்க.

சர்வீஸ்_ரேம்ப்

2,000 ஆர்பிஎம் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. உங்க வண்டியில் டர்போ 1,600, 1,700 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கைக் கொடுக்க ஆரம்பிச்சுடும். ஆறாவது கியரில் 50-ல் போய்க்கிட்டிருந்து பஸ்ஸை ஓவர்டேக் பண்ண அப்படியே மிதிச்சால், பிஸ்டன் மெதுவாக நகரும்போது சிலிண்டருக்குள் பெரிய அழுத்தம் ஏறும். சுவரில் இருக்கிற ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பத்திக்கும். இதை எல்எஸ்பிஐ (லோ-ஸ்பீடு ப்ரீ-இக்னிஷன்) என்பாங்க. சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கே உரிய வியாதி. ரிங் லேண்டை (பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு நடுவில் இருக்கிற வரம்பு) ஒரே அடியில் உடைக்கிற அளவுக்குப் போகும். இதையும் கணக்கில் வைச்சுத்தான் ஆயில் தரத்தில் 2018-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி வந்தது. டாப்-அப் பண்ணணும்னா கையேட்டில் போட்ட கிரேடும் அப்ரூவல் எண்ணும் பொருந்தணும். மார்க்கெட்டில் யாராவது "நல்ல ஆயில்"னு கொடுக்கிறதை ஊத்தாதீங்க.

எளிய விதி: மிதிக்கணும்னா முதலில் கியரைக் குறைங்க. 2,000-க்குக் கீழே கால் லேசு.

ஓட்டுற முறை இதுதான். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்தில் கிளம்புங்க. வாசலில் பத்து நிமிஷம் ஐடிலில் விட்டுச் சூடு பண்றது பழைய பழக்கம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிடும், அதுதான் மிச்சம். காரைக்குடி டவுனுக்குள் 2,500-க்குள் போங்க. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தாலும் அது கூலன்ட் சூடுதான்; ஆயில் சூடாக இன்னும் எட்டு, பத்து நிமிஷம் ஆகும். திருமயம் ரோட்டில் கானாடுகாத்தான் விலக்கைத் தாண்டுறப்ப ஆயிலும் தயாராகியிருக்கும்.

அப்புறம் ரோடு காலியா, நேரா இருக்கிற இடமாப் பார்த்து, மூணாவது கியர், 2,000 ஆர்பிஎம். பெடலைப் பாதிக்கு மேல், முக்கால் தொடாமல் அழுத்தி 4,000 வரை போகவிடுங்க. 4,000-ல் காலை முழுசா எடுத்துடுங்க. கிளட்ச் வேண்டாம், பிரேக் வேண்டாம்; கியரிலேயே 2,000 வரை இறங்கட்டும். ஏறும்போது ரிங் சுவரை அழுத்தும். இறங்கும்போது உள்ளே வேக்குவம் உண்டாகி ஆயிலை மேலே இழுத்து, தேய்ஞ்ச துகளைக் கழுவும். ரெண்டும் சேர்ந்தால்தான் பலன். ஒரு நிமிஷம் சாதாரணமா ஓட்டிட்டு மறுபடி. ஒரு ட்ரிப்புக்கு எட்டு, பத்து தடவை போதும். கையேடு அனுமதிச்சால் 500 கிமீ தாண்டினதும் 4,500 ஆர்பிஎம், 1,000 கிமீக்கு அப்புறம் 5,000. முழுசா மிதிக்கிறது 1,500 கிமீக்கு மேல்தான்.

காலையில் அஞ்சரைக்குப் போங்க. எட்டு மணிக்கு மேல் டவுன் பஸ், ஆடு, மாடு, பேரிகேடு, இதில் இந்தப் பயிற்சி எல்லாம் நடக்காது.

பள்ளத்தூர்_புகுமுகம்

டிப்ஸ்டிக் எங்கே நிறுத்திப் பார்த்தீங்க? நம்ம ஊர்ப்பக்க வீடுகளில் இருக்கிற மாதிரி வாசல் ஏத்தத்தில், வண்டியோட முன்பக்கம் தூக்கி நிற்கிறதா?

கோட்டையூர்_கார்க்காரன்

ஆமாண்ணே. பின்கட்டு வாசலில் சாய்தளம். முன்பக்கம் மேலே. காலையில் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பார்த்தேன்.

பள்ளத்தூர்_புகுமுகம்

அதுதான் விஷயம்னு நினைக்கிறேன். உங்க மாதிரி வண்டியில் இன்ஜின் குறுக்காக இருக்கும், குச்சி பெரும்பாலும் முன்பக்கம். மூக்கு தூக்கி நின்றால் ஆயில் பின்னால் ஒதுங்கும், குச்சி குறைச்சுக் காட்டும். டெலிவரி அன்னைக்கு ஷோரூம் சமதளத்தில் பார்த்திருப்பாங்க.

சரியா அளக்கணும்னா: நல்லா ஓட்டிச் சூடான வண்டி, சமதளம் (பெட்ரோல் பங்க் காங்கிரீட் தரை நல்லது), ஆஃப் பண்ணி 5 முதல் 10 நிமிஷம். குச்சியை உருவி, நூல் பிரியாத துணியில் துடைச்சு, கடைசி வரை சொருகி, மறுபடி எடுத்துப் பாருங்க. ரெண்டு பக்கமும் பாருங்க, குறைவாகக் காட்டுற பக்கம்தான் கணக்கு. கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோடு வரை பெரும்பாலான கார்களில் சுமார் 1 லிட்டர். புது இன்ஜின் 1,000 கிமீக்கு 100, 200 மில்லி குடிக்கிறது சகஜம். ஐரோப்பியக் கம்பெனிகள் அரை லிட்டர் வரைக்கும் "நார்மல்"னே எழுதி வைக்கும். குறைஞ்சால் பயப்படாதீங்க. கூடினால் பயப்படுங்க. கூடியிருந்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால், ஆயிலில் பெட்ரோல் கலக்குதுன்னு அர்த்தம். மார்க்கெட்டுக்கு ரெண்டு கிமீ, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிமீன்னு சூடாகாமலே ஓட்டுறவங்களுக்கு இது வரும்.

வாடை விஷயம்: எக்ஸாஸ்டிலும் டர்போ பக்கத்திலும் ஃபேக்டரியில் பூசின மெழுகும் எண்ணெயும் காயுற வாடை முதல் சில நூறு கிமீ இருக்கும். பிளாஸ்டிக்கும் எண்ணெயும் கலந்த மாதிரி வரும். ஆனா காகிதம் கருகின வாடை வந்தால் அது கிளட்ச். சாய்தளத்தில் ரிவர்ஸ் எடுக்கிறப்ப அரை கிளட்ச்சில் நிறுத்தி வைக்கிறீங்களான்னு பாருங்க. முன்னாடி பிள்ளையார்பட்டியில் போட்ட மாலை இன்னும் கிரில்லில் தொங்கினால் அதையும் எடுத்துடுங்க. இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளுற காத்தைக் குளிர்விக்கிற பாகம்) வெளிக் காத்து வேணும்.

சர்வீஸ்_ரேம்ப்

சென்னைக்குத் தாராளமாப் போங்க. நாலு பேர், பலகார டின் எல்லாம் அளவான சுமைதான். பிரச்சினை திருச்சி தாண்டின நாலு வழிச்சாலையில். ஆறாவது கியரில் 90-ல் க்ரூஸ் கண்ட்ரோல் போட்டுட்டு உளுந்தூர்பேட்டை வரை உட்கார்ந்தால் ரன்னிங்-இன் பலன் கிடைக்காது. க்ரூஸ் வேண்டாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை வேகத்தை 75-க்கும் 100-க்கும் நடுவில் மாத்துங்க, நடுநடுவே அஞ்சு, நாலுன்னு கியரையும் மாத்துங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி டயர் காத்து பாருங்க. புது வண்டியை லாரியில் ஏத்திட்டு வர்றப்ப காத்தை அதிகமா அடிச்சு, அப்படியே டெலிவரி கொடுக்கிறது நடக்கும். டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குன்னு தனி அளவு இருக்கும், குளிர்ந்த டயரில் அதை வைங்க. பிரேக் பேடையும் உட்கார வைங்க: காலி ரோட்டில் 60-லிருந்து 20 வரை நடுத்தர அழுத்தத்தில் பத்துத் தடவை, இடையில் அரை கிமீ ஓடவிட்டு. முழுசா நிறுத்தி, சூட்டோட பெடலை அழுத்திப் பிடிச்சு நிற்காதீங்க. பேட் பொருள் டிஸ்க்கில் ஒட்டி அப்புறம் ஸ்டீயரிங் அதிரும்.

மஞ்சுவிரட்டு_டர்போ

முதல் ஆயில் எப்ப மாத்தலாம்? கம்பெனி 15,000 கிமீ என்கிறது.

போரிங்_பட்டறை

பிஎம்டபிள்யூ தன்னோட எம் கார்களுக்கு 2,000 கிமீ-ல் ரன்னிங்-இன் சர்வீஸ் வைச்சு ஆயிலை மாத்துது. ஹோண்டா மாதிரி சிலர் முதல் ஆயிலில் தனிக் கலவை இருக்கு, சீக்கிரம் மாத்தாதேன்னு சொல்றாங்க. உங்க கம்பெனி அப்படித் தடுக்கலைன்னா, 1,500 முதல் 2,000-க்குள் ஆயிலும் ஃபில்டரும் மாத்துறது என் கட்சி. கம்பெனி சர்வீஸிலேயே மாத்தி பில் வாங்கி வைங்க, வாரன்டிக்கு ஆகும். டிரெயின் போல்ட் வாஷர் புதுசு போடச் சொல்லுங்க. வடிச்ச ஆயிலை விரலில் தேய்ச்சுப் பாருங்க. கண்மை மாதிரி நைசா, சாம்பல் நிறத்தில் ஒட்டினால் பயமில்லை, அது ஹோனிங் நுனி தேய்ஞ்ச தூள். மீன் செதில் மாதிரி தகடு மின்னினால் உடனே சர்வீஸ்காரரிடம் காட்டி எழுதி வாங்கிக்கோங்க. அடிட்டிவ், ட்ரீட்மென்ட் எதுவும் வேண்டாம்.

கோட்டையூர்_கார்க்காரன்

இப்பத்தான் பங்கில் சமதளத்தில், ஏழு நிமிஷம் கழிச்சுப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு ஒரு நெல்லு அளவு கீழே. டயர் நாலிலும் 42 பிஎஸ்ஐ! ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கே 36-தான் போட்டிருக்கு.

பள்ளத்தூர்_புகுமுகம்

ஆயில் சரியா இருக்கு, ஒண்ணும் ஊத்தாதீங்க. பங்குக்கு ஓட்டிட்டு வந்ததில் டயர் சூடாகி மூணு, நாலு ஏறியிருக்கும். இப்ப இறக்காதீங்க, காலையில் குளிர்ந்தப்ப 36 வைங்க. சென்னையில் போய் இறங்கினதும் மறுபடி குச்சியைப் பார்த்து, மீட்டர் கிமீயோட ஒரு போட்டோ எடுத்து வைச்சுக்கோங்க.

கோட்டையூர்_கார்க்காரன்

சரிண்ணே. மாலையையும் கழட்டிட்டேன்.